கருணாகரனும் என் சிங்கப்பூர் புத்தகங்களும்

கருணாகரனைப் பற்றி நல்லபடியாக எழுத வேண்டும் என்றுதான் உட்காருகிறேன். வயிற்றெரிச்சல் இல்லாமல் எழுத முடியுமா என்பது வேறு விஷயம்.

தியாகராய நகரில் எங்கள் ஜவுளிக்கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்தவரின் மகன் அவன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. 1968-ல் என் மாமா சிங்கப்பூரிலிருந்து ஆங்கில காமிக்ஸ் புத்தகங்கள் அனுப்பத் தொடங்கினார். எல்லாம் முகமூடி வீரர்கள். முதுகில் துணி பறக்க வானத்தில் பாய்வார்கள், ஒரு கையால் ரயிலை நிறுத்துவார்கள். எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அப்படிப் புத்தகம் கிடையாது. கருணாகரன் அவற்றைத் தொடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். நான் புரட்டுவேன், அவன் பார்க்கலாம். அவன் கண்ணை எடுக்காமல் ஒரு படத்தைப் பார்த்தால் வேண்டுமென்றே சட்டென்று புரட்டிவிடுவேன். அவன் அடுத்த படத்துக்குக் கண்ணை நகர்த்திக்கொள்வான்.

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் மெஷினில் உட்கார்ந்தான். காஜா எடுத்தான், பட்டன் தைத்தான், பிறகு கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் உடை தைக்கிறவர்களுக்கு உதவியாளாகப் போனான். நான் பி.காம். முடித்துவிட்டுக் கடையில் புடவைகளைப் பிரித்துக் காட்டி, மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். அவன் நடிகர்களுக்கு அளவெடுக்கிறான் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

எழுபத்தேழில் ஒரு திங்கட்கிழமை கடைக்கு வந்தான். கனவுப் பாட்டு ஒன்றில் கதாநாயகன் பறந்து வருகிறானாம். பெரிய டெய்லர் மூன்று முறை தைத்தும், ஃபேனைப் போட்டவுடன் முதுகுத் துணி கழுத்தைச் சுற்றிக்கொள்கிறதாம். வேலையை இவனிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். சனிக்கிழமைக்குள் சரியாக வந்தால் இவனும் டெய்லர். வராவிட்டால் மறுபடி பட்டன்தான்.

“உன் புக்குங்க இன்னும் கீதா நைனா? துணி தோள்ல எங்க நிக்குதுன்னு ஒரு தபா பாத்துக்கறேன்.”

அம்மா எப்போதோ பழைய புத்தகக் கடையில் போட்டுவிட்டாள் என்றேன். அவன் முகம் வாடிப்போனது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, மறைப்பானேன்.

புத்தகங்கள் மாடியில் டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. அன்று அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இத்தனை வருடம் சொந்தக்காரனாக இருந்தும், அந்தத் துணி எங்கே தொடங்குகிறது என்று நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. சண்டையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இப்போது தெரிந்தது: கழுத்தில் முடிச்சே இல்லை, இரண்டு தோள் தையலுக்குள் துணி இறங்கியிருக்கிறது. கருணாகரனாக இருந்தால் ஒரு பார்வையில் பிடித்திருப்பான் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவன் என் அம்மாவிடம் விசாரித்தால் குட்டு வெளிப்படும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. மறுநாள் காலை புத்தகங்களைக் கட்டாகக் கட்டி சைக்கிளில் வைத்து, லஸ் நடைபாதையில் ஒரு பழைய புத்தகக் கடையில் தள்ளிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே கட்டோடு கருணாகரன் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான். பழைய புத்தகக் கடை என்று நான் சொன்னதை நம்பி, கடை கடையாகத் தேடியிருக்கிறான். லஸ்ஸில் கிடைத்ததாம். படத்தில் இருந்தபடி தோளில் வைத்துத் தைத்து, கீழ் ஓரத்தில் கனத்துக்கு ஈயக்குண்டு கோத்தானாம். துணி ஜம்மென்று பறந்ததாம். இனி தனி மெஷின் தருகிறார்களாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கட்டை என் கையில் கொடுத்தான்.

நீயே வைத்துக்கொள் என்றேன். அவன் வாங்கவில்லை.

“கடக்காரரு செவ்வாக்கெழமதான் வந்துச்சுன்னாரு. குடுக்க மனசு இல்லன்னா இல்லன்னு சொல்லியிருக்கலாமே. எனக்காவ உன் பொருள ஏன் நைனா தொலச்ச?”

கோபமே இல்லாமல் கேட்டுவிட்டு, நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனான். எனக்கு அப்படி ஒரு மனசு வராது என்று எனக்குத் தெரியும். அதற்கும் சேர்த்து அவன்மேல் பொறாமைப்பட்டேன்.