அமாவாசையன்று ஏரி பார்க்கப் போனது

பிள்ளைகளா, உங்கள் அப்பா ஒரே நாளில் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி உத்திரமேரூர், மதுராந்தகம், செங்கல்பட்டு, வாலாஜாபாத் என்று சைக்கிளில் சுற்றிவிட்டு வந்தவன் என்றால் நீங்கள் நம்புவதில்லை. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிற ஆளைப் பார்த்து எப்படி நம்புவீர்கள்? ஆனாலும் போனேன். கல்வெட்டு, கோயில், ஏரி எல்லாம் பார்க்கப் போனதாக உங்களிடம் சொன்னது பொய் இல்லை. வழியில் அவையும் இருந்தன.

அப்போது உங்களில் மூத்தவள் வயிற்றில் இருந்தாள். வளைகாப்பு முடிந்து உங்கள் அம்மாவை மதுராந்தகத்தில் தாய்வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். இனி குழந்தை பிறந்த சேதி வந்த பிறகுதான் மாப்பிள்ளை அங்கே போகலாம். அதற்கு முன் போய் நின்றால், பெண்டாட்டியை விட்டு நாலு நாள் இருக்கத் தெரியாதவன் என்று இரண்டு ஊரிலும் சிரிப்பார்கள். அப்படியிருக்க, அந்த ஊரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர், அவளுக்குக் கால் வீங்கியிருப்பதாகப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு வீக்கம், எத்தனை நாளாக, ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தறியில் உட்கார்ந்தால் ஊடை நூல் ஓட்டுகிற நாடா ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். கேலிக்கும் ஆளாகக் கூடாது. அதற்காக நான் கண்டுபிடித்ததுதான் இந்த ஏரிச் சுற்று.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டுத் தறிக்காரன் என் வயசுக்காரன், சைக்கிள் பைத்தியம். அவனிடம் சொன்னதும் கழிவுப் பட்டு நூல் ஒன்றை எடுத்துத் தரையில் வட்டமாகப் போட்டான். அதுதான் பாதை. நூல் சுற்றுகிற தார்க்குச்சிகளை ஏரிகளாக அங்கங்கே வைத்தான். பிறகு நூலை ஒரு பக்கம் இழுத்து, உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் வழியாக நேரே செங்கல்பட்டு போய்விடலாம், மதுராந்தகம் வீண் சுற்று என்றான். அவ்வளவு பெரிய ஏரியை விட்டுவிட்டு ஏரி பார்த்தோம் என்று சொல்வது நியாயமா என்று நான் நூலைப் பழைய இடத்துக்கே தள்ளினேன். தண்ணீர் வற்றிவிட்டதாமே என்றான். வற்றினாலும் கரை இருக்குமே என்றேன். அவன் இழுக்க, நான் தள்ள, நூல் அறுந்தது. அதற்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே,

“அந்த ஏரிக்கு இப்ப எத்தினி மாசம்பா?” என்று கேட்டான்.

அதற்குமேல் பாதையைப் பற்றி விவாதம் இல்லை.

தறிக்காரர்களுக்கு அமாவாசைதான் லீவு. பங்குனி வெயில் ஏறுவதற்குள் மதுராந்தகம் சேர வேண்டுமானால் விடிய வெகு முன்பே கிளம்ப வேண்டும். எங்கள் இரண்டு சைக்கிளுக்கும் விளக்குக் கிடையாது. இருட்டில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் டயர் காற்றைப் பிடுங்கிவிடுவார். அதனால் நிலா வெளிச்சத்திலேயே ஓட்டிப் போய்விடுவது என்று முடிவு செய்து, காலண்டரில் கருப்பு வட்டத்தைத் தேடி நாளையும் குறித்துவிட்டோம். எங்களுக்கு அமாவாசை என்றால் தறி ஓடாத நாள். அதற்கும் வானத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது இருவருக்கும் தோன்றவே இல்லை.

உங்கள் அம்மா ஊருக்குப் போனதிலிருந்து எனக்குச் சாப்பாடு என் அண்ணன் வீட்டில். திட்டத்தை அங்கே பெருமையாக விவரித்தேன். அண்ணி சோறு போட்டுக்கொண்டே கேட்டார்:

“ஏன் தம்பி, அமாவாசைக்கு நிலா எங்கேர்ந்து வரும்? மதுராந்தகத்துலேர்ந்தா?”

அண்ணனுக்குப் புரையேறிவிட்டது.

எனவே விடிந்த பிறகுதான் கிளம்பினோம். அப்படியென்றால் உச்சிவேளையில், அமாவாசைப் படையல் போடுகிற நேரத்தில், அழைக்காத வீட்டில் போய் நிற்பேன். சைக்கிளைத் தள்ளிப் பாலாற்று மணலைத் தாண்டும்போதும் எனக்கு அந்தக் கவலைதான். உத்திரமேரூரில், அந்தக் காலத்தில் ஓலை போட்டுத் தேர்தல் நடத்திய விவரம் வெட்டிய கல்லின் முன்னால் பக்கத்து வீட்டுக்காரன் ஒரு எழுத்து விடாமல் படிப்பவன்போல நின்றான். அதில் ஓர் எழுத்தும் எங்கள் இருவருக்கும் தெரியாது. நான் அவசரப்படுவதைப் பார்க்கத்தான் நின்றான்.

மதுராந்தகம் ஏரியில் தண்ணீர் இருந்தது. கரையேறி நின்ற அவன், ஏரி பார்த்தாகிவிட்டது, கிளம்பலாமா என்றான். நான் குனிந்து, சரியாக இருந்த செயினைச் சரிபார்த்தேன். அவனே சிரித்துக்கொண்டு மாமனார் தெருவுக்குச் சைக்கிளைத் திருப்பினான்.

மாமியார் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காக்கை வரவில்லை, நாங்கள் போய் நின்றோம்.

“காக்காய கூப்ட்டா மாப்பிள்ள வந்துட்டாரு,” என்றார் மாமனார்.

ஏரி பார்க்க வந்ததை விளக்கமாகச் சொன்னேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு காக்கையும் வந்தது, எங்களுக்கும் இலை போட்டார்கள். உங்கள் அம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். பாதி முகம் தெரிந்தது. கால் தெரியவில்லை. வடையை வாயில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் சாய்ந்தேன், அந்தப் பக்கம் சாய்ந்தேன், கதவுதான் தெரிந்தது.

சாயங்காலம் சைக்கிள்களை பஸ்மேல் ஏற்றிக்கொண்டு போகலாம், இப்போது படுங்கள் என்றார் மாமனார். படுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஏரி பார்க்க வந்தவன் செங்கல்பட்டு ஏரியைப் பார்க்காமல் எப்படித் தங்குவான்? வயிறு நிறையப் பாயசத்தோடு வெயிலில் இறங்கினேன்.

அப்போதுதான் அவள் தண்ணீர்ச் சொம்போடு வாசலுக்கு வந்தாள். நான் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தேன். கொலுசைக் கழற்றியிருந்தாள். கணுக்கால் லேசாக உப்பியிருந்தது. அவள் கொசுவத்தை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டாள்.

“புள்ளத்தாச்சிக்கு வர்ற வீக்கந்தான். ஆஸ்பத்திரில காட்டியாச்சி,” என்றாள் தணிந்த குரலில். “மொதல்ல உங்க கால பாருங்க. வீட்டுக்குப் போனதும் வெந்நி வெச்சு ஊத்திக்கினு படுங்க.” பிறகு உள்ளே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “ஏரி நல்லா இருந்துச்சா?” என்றாள்.

செங்கல்பட்டு ஏரியில் தண்ணீர் இருந்ததா என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வாலாஜாபாத் வரை எதிர்க்காற்று. அதுவரை கேலி பேசியே வந்தவன் அங்கே டீக்கடையில், “தங்கச்சிக்கு ஒண்ணும் இல்லயே?” என்று கேட்டான். இல்லை என்றேன். டீயை வாங்கி என் கையில் கொடுத்தான்.

வீடு வந்தபோது தெருவில் விளக்கு வைத்துவிட்டார்கள். வெந்நீர் கேட்டு நான் அண்ணி வீட்டுக்குப் போகவில்லை. நான் அதுவரை அடுப்பு மூட்டியதே இல்லை. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருவழியாகப் பற்றவைத்து, வெந்நீர் போட்டு, பின்கட்டில் கல்மேல் உட்கார்ந்து முழங்காலிலிருந்து கீழே ஊற்றிக்கொண்டேன். சூடு கொஞ்சம் அதிகம்தான். பச்சைத் தண்ணீர் விளாவாமல், பானை காலியாகும்வரை அப்படியே ஊற்றிக்கொண்டேன்.