பத்தொன்பது நாள் சொன்ன குதிரை

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதம் முடிகிற சமயம். பாலவாக்கத்தில் கடற்கரையை ஒட்டியிருந்த ஒரு சிறிய குதிரையேற்றப் பள்ளியில் ஆரம்பித்தது இது. எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. புள்ளிவிவரம் சேகரிக்கும் அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கல்லூரி நாட்களில் மாணவர் படையின் குதிரைப் பிரிவில் மூன்று ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். அதன் பிறகு நாற்பத்தைந்து வருடம் குதிரையின் பக்கமே போகவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து எட்டு வருடம் ஆனதும் ஆசை திரும்பி வந்து, அதற்கு முந்தின ஐப்பசியில் அங்கே சேர்ந்திருந்தேன்.

வாரத்தில் நான்கு நாள் விடிகிற நேரத்தில் மந்தைவெளியில் பேருந்து ஏறுவேன். "இந்த வயசுல எலும்பு முறிஞ்சா ஒட்டாதுன்னு தெரியுமோல்லியோ? நீங்க விழுந்து வெச்சா நான் ஒண்டியா என்ன பண்ணுவேன்?" என்று மனைவி ஒவ்வொரு முறையும் வாசல்வரை வந்து கேட்பாள். அந்தக் கவலை எனக்கும் இருந்ததால், தலைக்கவசத்தின் வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சேணத்தில் உட்காருவேன்.

பள்ளியை நடத்தியவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர், வீட்டில் பாதிப் பேர் ஆசிரியர்கள். அந்த வகுப்பறைக் குரல் அவருக்கும் இருந்தது. நாங்கள் எல்லோரும் அவரை மேடம் என்போம். குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து தினமும் வரும் ஒரு பாய். நாற்பது வயதிருக்கும். குதிரைகளிடம் உருதுவிலும் மனிதர்களிடம் சென்னைத் தமிழிலும் பேசுவார்.

அங்கே இருந்தவை ஏழு குதிரைகள். நான் ஓட்டியது பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு செம்பழுப்புப் பெண் குதிரை. பாய் அதை 'பேட்டி' என்றுதான் கூப்பிடுவார். உருதுவில் மகள் என்று அர்த்தம். சாதுவான குதிரைதான். ஆனால் பந்தயத்தில் கற்ற ஒரே பாடம் கழுத்தை நீட்டிக்கொண்டு முன்னால் பாய்வது. ஆள் ஏறியதும் அதற்கு அந்தப் பாடம் ஞாபகம் வந்துவிடும். பிள்ளைகளை அதன்மேல் ஏற்ற முடியாது.

"ஏழு வாய் தின்னுது சார், ஆறுதான் வேலை செய்யுது" என்றார் மேடம் ஒருநாள். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிற ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால் அவருக்கு வேண்டுமாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. காரணம், முந்தின மாதம் வெளிச் சாலையில் ஒரு சாவு ஊர்வலம் மேளமும் வெடியுமாகப் போனபோது இந்தக் குதிரை நடுங்கியதை நான் பார்த்திருந்தேன். சத்தம் ஓய்ந்து முக்கால் மணி நேரம் கழித்தும் அதன் விலாவில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டுபோய் பேண்டு வாத்தியத்துக்கும் ஆயிரம்வாலா வெடிக்கும் நடுவில் நிறுத்துவதா?

மேடம் ஒரு வழி சொன்னார். "சித்திரை முடியறதுக்குள்ள களத்தோட ஒரு நீளப் பக்கம் முழுக்க இது கலெக்‌ஷன்ல போகட்டும். அப்போ பெரிய பசங்களை ஏத்தலாம், இங்கேயே இருக்கட்டும். இல்லன்னா அனுப்பிடறேன்." நான் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

கலெக்‌ஷன் என்பதை இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். குதிரை இயல்பாகத் தன் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் வைத்திருக்கும். மேலே ஆள் உட்கார்ந்தால் அந்தப் பாரமும் முன்னால்தான் சாயும். அதை மெல்ல மெல்லப் பின்னங்கால்களுக்கு மாற்றுவதுதான் கலெக்‌ஷன். பின்னங்கால்கள் மடங்கி வயிற்றுக்கு அடியில் வரும், முதுகு உயரும், கழுத்து தானாக வளையும். அடிகள் குறுகி, ஆனால் உயரமாக விழும். சர்க்கஸ் வித்தை இல்லை இது. ஆளைச் சுமக்கும் குதிரையின் முதுகு பல வருடம் கெடாமல் இருக்க இதுதான் வழி.

இதில் என் புத்தி பிடித்துக்கொண்டது ஒரே ஒரு சொல்லை. அடிகள் குறுகும். அப்படியானால் அதே தூரத்துக்கு அடிகளின் எண்ணிக்கை கூட வேண்டும் அல்லவா? நாங்கள் ஓட்டும் மணல் களத்தின் நீளப் பக்கத்தில் முதல் நாள் எண்ணினேன். டிராட் என்கிற மெல்லோட்டத்தில், மூலைக்கு மூலை இருபத்தெட்டு அடிகள். நோட்டில் குறித்துக்கொண்டேன்.

முதல் ஒரு மாதம் இருபத்தொன்பதைத் தாண்டவில்லை. எனக்குப் பதற்றம் வந்தது. நாட்களை எண்ணினேன், மீதமிருந்த வகுப்புகளை எண்ணினேன். பிறகு காலால் பின்னாலிருந்து உந்தியபடி இரண்டு கையாலும் கடிவாளத்தை இறுக்க ஆரம்பித்தேன். எண்ணிக்கை உடனே ஏறியது. முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்து நான்கு. சேணத்திலிருந்து பார்த்தால் கழுத்து வில்லாக வளைந்து அழகாக இருந்தது. அந்த நாட்களில் வீட்டில் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

பாய் ஒருநாள் அருகே வந்தார். "சார், பேட்டி வாலை ஆட்டிகினே கீது. பல்லையும் கடிக்குது. ஏதோ சரியில்ல."

"ஈ கடிக்கிறது, பாய்" என்றேன்.

"இன்னா சார், மேல உக்காந்துகினு ரேஷன் கடை ஸ்டாக் எடுக்கிற மாதிரியே எண்ணிகினு கீறீங்க. கொஞ்சம் இறங்கி மூஞ்சியப் பாருங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் இறங்கவில்லை.

பங்குனிக் கடைசியில் முப்பத்தைந்து வந்தது. அதற்கு மறுநாள் முப்பத்தாறு வேண்டும் என்று ஏறினேன். மேடம் வாசலில் இரண்டு பெற்றோரிடம் பேசிக்கொண்டிருந்தார். நீளப் பக்கத்தின் பாதியில் குதிரை நின்றுவிட்டது. நான் காலால் உந்தினேன், கடிவாளத்தை விடவில்லை. முன்னால் போக வழி இல்லாத அந்தப் பிராணி மேலே போயிற்று. முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. நான் பின்பக்கமாக வழுக்கி மணலில் உட்கார்ந்த மாதிரி விழுந்தேன். குதிரை பின்னால் சாய்ந்திருந்தால் நான் அதற்கு அடியில் போயிருப்பேன். அது பக்கவாட்டில் திரும்பிக் காலை ஊன்றிக்கொண்டது.

அடி ஒன்றும் இல்லை. எல்லோரும் ஓடி வந்தார்கள். நாற்காலி வந்தது, டீ வந்தது. "இந்தக் குதிரை இவ்வளவு மோசமா?" என்றார் வந்திருந்த பெற்றோரில் ஒருவர். மேடத்தின் முகம் மாறிவிட்டது. "பசங்க இருக்கிற இடம் சார் இது. எழும்பி நிக்கற குதிரையை இனிமே வெச்சுக்க முடியாது. ஞாயித்துக்கிழமை வந்து ஓட்டிட்டுப் போகச் சொல்லிடறேன்."

நான் டீயைக் குடித்தேன். தலையைக்கூட ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

கூட்டம் கலைந்த பிறகு பாய் களத்து மணலைச் சமன்செய்ய வந்தார். ரேக்கைச் சாய்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், இங்க வாங்க. இது உங்க லைன். முன்னங்குளம்பு நல்லா பதிஞ்சிருக்கா? இப்ப பின்னங்கால் பாருங்க. நுனியால கோடு இழுத்துகினே போயிருக்கு. காலைத் தூக்கவே இல்ல. வலிக்குதுன்னு சின்னச் சின்னதா வெச்சிருக்கு சார்."

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு பின்னங்குளம்பின் தடத்துக்கு முன்னாலும் விரலால் கீறியது போல ஒரு கோடு. களத்தின் பாதி வரைக்கும் அப்படியே போயிருந்தது.

"உங்க கணக்கு தப்பில்ல சார். நொண்டிகினு போனாலும் முப்பத்தஞ்சு வரும்."

லாயத்துக்குப் போனோம். சேணம் உட்காரும் இடத்தில் முதுகெலும்புக்கு இருபுறமும் பாய் இரண்டு விரலால் லேசாக அழுத்தினார். குதிரை அப்படியே முதுகைத் தாழ்த்தி விலகியது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏன் பாய் முன்னாலேயே சொல்லலை?"

"சொன்னேனே சார். ஈ கடிக்குதுன்னு சொன்னீங்க."

"மேடத்துக்குத் தெரியுமா?"

"நான் எப்டி சார் சொல்றது? நீங்க பெரியவரு. நான் சொன்னா உங்க மேல பழி போட்ட மாதிரி ஆவும்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். என் மனம் நியாயங்களைத் தேடிக்கொண்டிருந்தது. அது எழும்பி நின்றது உண்மைதானே? நான் செத்திருக்கக்கூடும் அல்லவா? சொன்னால் இனி என்னை ஏற விடுவார்களா? முதல் பேருந்து வந்தது, போனது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் உட்கார இடம் இருந்தது. நான்காவது வந்து நின்றபோது படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். "ஏறுறியா இல்லியா பெர்சு?" என்றார் கண்டக்டர். காலை எடுத்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

மேடம் அலுவலக அறையில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கையை இறுக்கியதையும், பாய் எச்சரித்ததையும், டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்ததையும். நோட்டை மேசைமேல் வைத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டினார்.

"கையை இறுக்கி எத்தனை நாள் ஆச்சு?"

"இந்த நோட்டுல இருக்கிறபடி பத்தொன்பது நாள்."

"பத்தொன்பது நாளா அது வலிக்குதுன்னு சொல்லிட்டே இருந்திருக்கு. நீங்க மார்க் போட்டுட்டு இருந்தீங்க."

அவர் ஃபோனை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், சித்திரைக் கடைசியில் பேசலாம் என்று கல்யாண ஊர்வலக்காரரிடம் சொன்னார். பிறகு என்னிடம், "நீங்க கெடுத்தது, நீங்கதான் சரிபண்ணணும். ஆனா நான் சொல்ற மாதிரி" என்றார்.

வெளியே வந்து பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "விடுங்க சார், பேட்டிகிட்ட கேளுங்க" என்றார்.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் பன்னிரண்டு நாள் சேணமே கூடாது என்றார். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தேன். பிறகு ஏறினேன், நீளக் கடிவாளத்தோடு. நடை, நிறுத்தம், மறுபடி நடை, அவ்வளவுதான். மேடம் வேலியோரம் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். பின்னாலிருந்து கால் சொல்ல வேண்டும். அந்த அசைவு கைக்கு வந்து சேரும்போது, ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி விரல்களை ஒரு மூச்சு நேரம் மூடி, உடனே திறக்க வேண்டும். குதிரை இசைந்தாலும் திற, இசையாவிட்டாலும் திற, அப்புறம் மறுபடி கேள். "கை கேக்கணும் சார். பிடிச்சு வெச்சுக்கக் கூடாது." எனக்குக் கஷ்டமாக இருந்தது திறப்பதுதான். விட்டால் கிடைத்ததும் போய்விடுமே என்கிற பயம் என் விரல்களில் ஊறிப்போயிருந்தது.

சித்திரை மூன்றாவது வாரம், ஒரு காலை. நடையிலிருந்து டிராட்டுக்கு மாறியதும் சேணத்துக்குக் கீழே முதுகு உயர்ந்தது. நான் உட்கார்ந்திருந்த பலகையை யாரோ அடியிலிருந்து மெதுவாகத் தூக்கியது போல. கழுத்து தானாக வளைந்தது. குளம்புச் சத்தம் மெத்தென்று ஆகிவிட்டது. ஒரு காது என் பக்கம் திரும்பியிருந்தது. கடிவாளத்தில் எடையே இல்லை.

"அதான் சார், அதான். விட்டுடுங்க" என்றார் பாய் வேலியிலிருந்து. விட்டேன். குதிரை கழுத்தை நீட்டிப் பெருமூச்சு விட்டது. அவை நான்கே அடிகள்.

சித்திரைக் கடைசி வந்தது. மேடம் களத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு நீளப் பக்கம் முழுக்க வர வேண்டும். மூலையைத் திரும்பியதும் கேட்டேன். வந்தது. நன்றாகவே வந்தது. ஒன்பதாவது அடியில் முதுகு லேசாகத் தாழ்வதை உணர்ந்தேன். வால் ஒருமுறை சுழன்றது. இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தால் கடைசி வரை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு அது தெரியும், என் கைக்கும் தெரியும். விரல்களைத் திறந்தேன். நடைக்குக் கொண்டுவந்து, நிறுத்தி, இறங்கினேன்.

"என்ன சார், பாதிகூட வரலையே" என்றார் மேடம்.

"இன்னிக்கு அதுகிட்ட இவ்வளவுதான் மேடம் இருக்கு. மேல கேட்டா குடுக்கும். ஆனா வலியோட குடுக்கும்."

அவர் எழுந்து வந்து, சேணத்தைத் தளர்த்தி, அதே இடத்தில் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். குதிரை அசையாமல் நின்றது. பாய் அதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பது வந்திருக்கில்ல? அடுத்த மாசம் பத்து வரும். இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மேடம் நாற்காலியை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் குதிரை இன்னும் அங்கேதான் இருக்கிறது. பெரிய பிள்ளைகளைச் சுமக்கிறது. எனக்கு இப்போது எழுபத்தொன்று ஆகிறது. ஏறுவதை நிறுத்திவிட்டாலும் மாதம் இரண்டு முறை போய்ப் பார்க்கிறேன். போகிற வழியில் அந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கும்போதெல்லாம் கால் ஒரு நிமிடம் தயங்கும். அன்று அந்த நான்காவது பேருந்தில் நான் ஏறிப் போயிருந்தால், அந்தக் குதிரைக்காக வாயைத் திறக்க வேறு யாருமே இருந்திருக்க மாட்டார்கள் என்பதுதான் இத்தனை நாள் கழித்தும் என்னை உறுத்துகிறது.