நாடிக்காரர் பார்க்காத பிளக்

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் நாடிக்காரர். மனுஷனுக்கு அல்ல, பைக்குக்கு நாடி பிடிப்பவர். பந்தயத்துக்குப் போகிற வண்டிகளின் எஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. யார் வந்து "அண்ணே, புது பிளக் ஒண்ணு குடுங்க" என்று கேட்டாலும் அவர் முதலில் கேட்பது, "பழசு எங்க?" என்பதுதான். பழைய பிளக்கைப் பார்க்காமல் புதியதைக் கையால் தொடவே மாட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடு ஏறும்போது இழுக்க மாட்டேங்குது, அப்படித்தானே?" என்பார். வந்தவன் வாயைப் பிளப்பான். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். வீட்டில் நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தால் மறுநாள்தான் இந்த நாடிக்காரருக்குத் தெரியவரும்.

பிளக் என்பது எஞ்சின் தலையில் திருகி வைக்கிற ஒரு சின்னச் சாமான். அதன் நுனியில் பொறி பறந்தால்தான் பெட்ரோல் பற்றும். நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகம். கறுப்பாக இருந்தால் நுனிக்குச் சூடு போதவில்லை, கரி எரியாமல் அடைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். சுண்ணாம்பாக வெளுத்திருந்தால்தான் ஆபத்து. அந்த நுனியே கங்காகி, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். உள்ளே தட்டல் கேட்கும், பிஸ்டன் உருகிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும், ஓடுகிற வண்டியின் பின்சக்கரம் அப்படியே இறுகிவிடும். அதனால்தான் சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ளுகிற குளிர் பிளக், சூட்டைத் தேக்கி வைக்கிற சூட்டு பிளக் என்று எண் போட்டு வைத்திருக்கிறார்கள். பந்தய எஞ்சினுக்குக் கொஞ்சம் குளிர்ந்தது வேண்டும். எவ்வளவு கொஞ்சம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நுனியின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய தகடு வைத்து அளந்து சரிசெய்வது என் வேலை. அதனால் எனக்கும் கொஞ்சம் நாடி தெரியும். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிவிட்டு இதுகூடத் தெரியவில்லை என்றால் வெட்கம்.

இவருக்கு ஒரே தம்பி. எங்கள் எஞ்சினைப் பந்தயத்தில் ஓட்டிக் காட்டுகிறவன் அவன்தான். சரியான வாயாடி. "அண்ணி, அண்ணனுக்கு என் மூஞ்சிய மறந்தாலும் என் வண்டி பிளக்கோட மூஞ்சி மறக்காது" என்று சொல்லிச் சிரிப்பான். ஒரு பந்தயத்தில், நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்குகிற இடத்தில், வண்டி அவனைத் தூக்கி எறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோயிற்று. பின்னால் வந்த ஒருவன், "சக்கரம் இறுகின மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான். நிச்சயமாகச் சொல்லவில்லை, மாதிரி என்றுதான் சொன்னான். இவருக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் பந்தயத்துக்குப் பிளக் எடுத்துக் கொடுத்தவர் இவர்தானே.

என்னிடம் ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னார். "இன்னும் ஒரு எண் குளிர்ந்ததா போட்டிருக்கணும்டி. பாவி நான் போடல." அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. தம்பி வண்டியின் எஞ்சினைத் தார்ப்பாயில் சுற்றி, பட்டறையில் மாடிப்படிக்கு அடியில் வைத்தார். திறந்து பார்க்கவில்லை. உலகத்தையே பழசு எங்க என்று கேட்கிறவர், அந்த ஒரு பிளக்கை மட்டும் கழற்றவே இல்லை.

அப்புறம்தான் தட்டல் தொடங்கியது. மத்தியான நேரம், பட்டறையில் நல்ல வெயில் விழுந்துகொண்டிருக்கும். ஏதாவது ஒரு எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருப்பார். திடீரென்று முகம் வெளுத்துவிடும்.

"கேக்குதா?"

"என்ன கேக்குது?"

"தட்டுது. உள்ள தட்டுது."

ஒன்றும் தட்டாது. எனக்குக் கேட்காது, வண்டிக்காரனுக்குக் கேட்காது. உடனே எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, இரண்டு எண் குளிர்ந்ததை மாட்டிவிடுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இவருக்குக் காதிலும் பேய். எங்கள் பட்டறைக்கு வந்த வண்டியெல்லாம் கரி கட்டி இருமத் தொடங்கின. "நாடிக்காரருக்கே நாடி விழுந்துடுச்சு" என்று வெளியே கேலி பேசினார்கள். நான் சண்டை போட்டேன், அழுதேன், தலையில் அடித்துக்கொண்டேன். எஞ்சினே ஓடாத நேரத்திலும் அவர் கையில் ஸ்பானரோடு மாடிப்படிப் பக்கம் தலையைச் சாய்த்து நிற்க ஆரம்பித்தார். ஒருநாள், தனியாக இடைவெளி அளந்துகொண்டிருக்கையில், தார்ப்பாய்க்குள்ளிருந்து டக் டக் என்று எனக்கே கேட்டது போலிருந்தது. எழுந்து வெளியே ஓடிவிட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள், அதற்குப் பிறகு ஆள் துணையில்லாமல் அந்தப் பட்டறையில் நான் உட்கார்ந்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கொழுந்தன் மகள் வந்து நின்றாள். அப்பன் சாகும்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை, இப்போது என்னைவிட உயரம். அவளும் பைக் பந்தயத்தில் ஓட்டுகிறாளாம்.

"பெரியப்பா, அப்பா எஞ்சின எனக்குக் கட்டிக் குடுங்க."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்று நான் குறுக்கே கேட்டேன். என் ஓரகத்தி லேசுப்பட்டவள் அல்ல.

"தெரியும் பெரியம்மா. மூணு நாள் பேசல. நாலாவது நாள் சாப்பாடு போட்டுச்சு."

இவர் முடியாது என்றார். வேறு எஞ்சின் தருகிறேன் என்றார். அவள் அசையவில்லை. "நீங்க கட்டலன்னா வேற ஆள்கிட்ட தூக்கிட்டுப் போறேன்" என்றாள். அந்த வேறு ஆள் என்ன பிளக்கைப் போடுவானோ என்ற பயம் இவர் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். சரி என்று தலையாட்டிவிட்டார்.

மறுநாள் காலை என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேல் பாதிய நீ பிரி. ஹெட்டு, சிலிண்டரு, பிஸ்டனு, எல்லாத்தையும் எடுத்து எங்கயாவது போட்டுடு. புதுசு வாங்கிக்கலாம். பிளக்கு எப்படி இருந்தாலும் எனக்குச் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு." வெளுத்துத்தான் இருக்கும் என்று நானும் நினைத்திருந்ததால் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அவர் வெளியே போய்விட்டார்.

கிக்கரைக் கையால் அழுத்தினேன். முதலில் துரு முரண்டு பிடித்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து மறுபடி அழுத்தினால், வழுக்கிக்கொண்டு இறங்கியது. இறுகிப்போன எஞ்சின் இப்படி இறங்காது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். நல்ல பிஸ்கட் நிறம். ஹெட்டைத் தூக்கினால் பிஸ்டனில் ஒரு கீறல் இல்லை. இத்தனை வருஷம் எந்தப் பாவத்தைச் சுமந்துகொண்டு இந்த மனுஷன் திரிந்தாரோ, அது அங்கே இல்லவே இல்லை.

அடக்கமாட்டாத சந்தோஷத்தில் அவர் வந்ததும் வாயைத் திறந்தேன். அவர் காற்றடிக்கிற கம்ப்ரஸரைப் போட்டுவிட்டார். அந்த இரைச்சலில் கடவுளே பேசினாலும் கேட்காது. சாயங்காலம் திறந்தேன், மறுபடி கம்ப்ரஸர். நான் வாயைத் திறப்பதும் அவர் கம்ப்ரஸரைப் போடுவதுமாக நாள்கள் போயின. பக்கத்துக் கடைக்காரர் வந்து, "காத்து அடிச்சே சாவீங்களாய்யா?" என்று கத்திவிட்டுப் போனார். சத்தியம் வேறு பண்ணித் தொலைத்திருந்தேன்.

எஞ்சினை மட்டும் குறை சொல்ல முடியாதபடி கட்டினார். பொறி வலுவாக விழுவதற்குக் காயில் என்கிற கம்பிச்சுருளைப் புதிதாகப் போட்டார். அதிர்ச்சியில் கழன்றுவிடாதபடி தடித்த வயரும் பிளக் தலையில் மாட்டுகிற இறுக்கமான கேப்பும் தேடித் தேடி எடுத்தார். பொறி விழுகிற நேரத்தை நான்கு தடவை சரிபார்த்தார். எல்லாம் முடிந்து பிளக் மாட்ட வேண்டிய இடத்தில் சூடுபட்ட பூனையாகிவிட்டார். பனிக்கட்டி மாதிரி குளிர்ந்த ஒன்றை, மூன்று எண் தள்ளி, எடுத்து மாட்டினார். நான் முறைத்தேன். அவர் கை கம்ப்ரஸர் ஸ்விட்சுக்குப் போனது.

சோதனை ஓட்டத்துக்குப் பந்தயத் தடத்துக்குப் போனோம். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் நின்றோம். அவள் வண்டியை எடுத்தாள், முதல் சுற்றில் எஞ்சின் முக்கித் திணறியது. இரண்டாவது சுற்றில் ஒரு வளைவில் மெதுவாகி, மறுபடி முறுக்கியபோது, தடத்தின் நட்டநடுவில் செத்துவிட்டது. கரி அடைத்துவிட்டது. பின்னால் ஒரு பையன் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தான். அவன் எப்படியோ ஒடித்து, அவள் ஹேண்டிலை உரசிக்கொண்டு போய்ப் புல்லில் உருண்டான். முழங்கை சிராய்ப்போடு எழுந்து, அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அந்தத் திட்டு என் காதில் தேனாகப் பாய்ந்தது. உயிர் இருந்தால்தானே திட்ட முடியும்.

சத்தியமாவது ஒன்றாவது. டூல் பைக்குள் ஒளித்து வைத்திருந்த தம்பியின் பழைய பிளக்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன்.

"பாருங்க. நாடிக்காரர்தானே, பாருங்க! பிஸ்கட் கலரு. பிஸ்டன்ல ஒரு கீறல் இல்ல. எஞ்சின் இறுகவே இல்லைங்க. உங்க தம்பிய நீங்க கொல்லல. ஆனா அந்தப் பயத்துல இன்னைக்கு இவளக் கொல்லப் பாத்தீங்க!"

அவர் பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். மகிழ்ச்சி வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

"அப்ப யாரு?" என்றார்.

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாம எப்படிடி சாவான்?"

மணல் கிடந்திருக்கலாம், கண்ணில் பூச்சி விழுந்திருக்கலாம், ஒரு நொடி நினைப்பு வேறெங்காவது போயிருக்கலாம். கொழுந்தன் மகள் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து வேலியோரம் சாய்த்து வைத்தாள்.

அதற்குப் பின் வந்த நாள்கள்தான் எனக்கு மிகவும் பயமாக இருந்தன. தட்டல் நின்றுவிட்டது. ஆனால் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து, அந்தப் பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிஸ்டன் உருகினால் நுனியில் வெள்ளிப் புள்ளி தெறிக்கும். அந்தப் புள்ளியைத் தேடினார். "ஒண்ணு இருந்தாக்கூடப் போதும்" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. இல்லாத குற்றத்தை ஒரு மனுஷன் இப்படித் தேடுவானா? தன்மேல் குற்றம் இருந்தவரை தம்பியோடு இவருக்கு ஒரு கணக்கு இருந்தது, அது தீர்ந்துவிட்டால் தம்பியும் போய்விடுவான், அதுதான் இவருக்குத் தாங்கவில்லை என்று எனக்குப் புரிந்தபோது, கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"அவளுக்கு எதப் போடறது?" என்று அவரே கேட்டார்.

"பழசப் பாத்துத்தானே புதுசு எடுப்பீங்க. பழசு உங்க கையிலதான் இருக்கு."

பழையதன் எண் என்னவோ, புதியதற்கும் அதே எண்தான். எஞ்சினின் அமுக்கம் புதிதாகக் கட்டிய பிறகும் மாறவில்லை, நிறமும் சரி என்றே சொல்லிவிட்டது. தம்பி எந்தப் பிளக்கோடு போனானோ அதே பிளக்கைத் தம்பி மகளுக்குப் போட வேண்டும். நான் இடைவெளி அளந்து கொடுத்தேன். அவர் விரலால் மரை திருகும்போது இரண்டு தடவை ஏறவில்லை. பக்கத்தில் நின்ற பெண் பிளக்கின் எண்ணைக் கவனித்துவிட்டாள்.

"அப்பா போட்டிருந்ததா பெரியப்பா?"

"ஆமாம்மா."

"சரி. இறுக்குங்க."

மறுபடி தடத்துக்குப் போனோம். இந்த முறை எஞ்சின் முக்கவில்லை. அவர் வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு சுற்றும் வளைவுக்குள் போய் வெளியே வந்தாள். கடைசிச் சுற்றில், இவர் சொல்லிக் கொடுத்திருந்தபடி, முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு வந்து நின்றாள். அப்படி நிறுத்தினால்தான் அந்த வேகத்தின் நிறம் பிளக்கில் அப்படியே இருக்கும்.

துணியைச் சுற்றிப் பிடித்துச் சூட்டோடு கழற்றினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தன.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடக்கத்தன்றுகூட அழாத மனுஷன், தடத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, "தம்பி, டேய் தம்பி" என்று வாய்விட்டு அழுதார். பெண் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓடி வந்தாள். பிளக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மிரண்டுபோய் என் பக்கம் திரும்பினாள்.

"கலர் நல்லாத்தானே இருக்கு பெரியம்மா? அப்புறம் ஏன் அழறாரு?"

"நல்லா இருக்கிறதாலதான்டி அழறாரு" என்றேன்.