பழவேற்காட்டில் வேப்பனப்பள்ளி நீச்சல்

வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் தீர்த்தகிரியின் மாந்தோப்புக் கிணற்றில் அவர் மகள் சம்பங்கிக்கு நிகராக நீந்த ஆள் கிடையாது. தண்ணீர் இறைக்கும் கபிலை மேட்டிலிருந்து அவள் குதித்தால், எதிர்ப் படியில் துணி துவைப்பவர்கள் திட்டிக்கொண்டே எழுந்து போவார்கள். கிருஷ்ணகிரியில் தங்கி ஆசிரியப் பயிற்சி படிக்கிறாள் என்பதெல்லாம் ஊருக்கு அடுத்தபடிதான்.

ஐம்பத்தாறாம் வருஷம், பயிற்சிப் பெண்களை இயற்கை முகாமுக்காக ஒரு வாரம் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். சம்பங்கியின் அம்மா லட்சுமியம்மாள் ஒரே பிடியாக நின்றாள்.

"கடலுப் பக்கம் எம்புள்ளய அனுப்ப மாட்டேன். தண்ணி இழுத்துக்கினு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நீச்சல் தெரிஞ்ச புள்ளய தண்ணி இன்னா பண்ணும்? போவட்டும் வுடு," என்றார் தீர்த்தகிரி. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் ஜெயித்த ஒரே வாக்குவாதம் அது. சாமல்பட்டியில் மகளை ரயிலேற்றும்போது, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அவள் நீச்சலைப் பற்றிப் பீற்றிக்கொண்டார்.

முகாமில் சிப்பி பொறுக்கினார்கள், நண்டு துரத்தினார்கள். ஏரி நடுவே ஒரு மணல்திட்டில் பூநாரைகள் இறங்கியிருந்தன. தோணியில் போய்ப் பார்க்கலாம், ஆனால் நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும்தான் என்று சாந்தம்மா டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கரையிலிருந்து, தூரத்தில் தண்ணீரில் நட்டிருந்த மூங்கில் கழிவரை நீந்திக் காட்டவேண்டும்.

சம்பங்கி சுற்றுமுற்றும் பார்த்தாள். குதிக்க ஒரு மேடுகூட இல்லை. தண்ணீருக்குள் நடந்து இறங்குவதா? அதை எருமைகள் அல்லவா செய்யும்! கரையோரம் கட்டியிருந்த தோணியில் ஏறினாள், பாவாடையை இழுத்துச் செருகினாள், எகிறிக் குதித்தாள். இடுப்பளவுத் தண்ணீர். சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

போகட்டும் என்று எழுந்து நீந்தினாள். நீச்சல் என்னவோ பிரமாதம்தான். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் உடம்பு தானாக இடது பக்கம் வளைந்தது. ஒரு முழு வட்டம் அடித்து, புறப்பட்ட தோணியிலேயே வந்து முட்டினாள். அவள் நீந்திய தண்ணீருக்கெல்லாம் இதுவரை சுற்றுச்சுவர் இருந்தது. சுவர் இல்லாவிட்டாலும் உடம்பு அதற்குப் பயந்து திரும்பியது. மறுபடி நீந்தினாள். மறுபடியும் தோணிதான்.

"உனக்கு நீச்சல் தெரியலம்மா," என்றார் டீச்சர்.

"தெரியுங்க டீச்சர். நேராப் போவத்தான் தெரியல."

"அதுக்குப் பேருதாம்மா நீச்சல்."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பூநாரை போனால் போகிறது. அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? கூடப் படிக்கும் பாப்பம்மாவின் வாய்க்குப் பூட்டு கிடையாது. விஷயம் அம்மா காதுக்குப் போனால், 'பொய் சொல்லியா அனுப்பினீங்க' என்று அப்பாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அதோடு படிப்பும் நின்றுவிடும்.

மறுநாள் தோணி புறப்படும்போது சம்பங்கி போய் நின்றாள்.

"நான் ஏறலீங்க டீச்சர். பக்கத்துல நீந்தியே வர்றேன். தோணி எனக்கு இடது பக்கமா வந்தாப் போதும்."

டீச்சர் மறுக்க வாயைத் திறப்பதற்குள் தோணிக்காரர் முந்திக்கொண்டார். "வரட்டும்மா. திட்டு வரைக்கும் கழுத்துக்கு மேல தண்ணி எங்கயும் கெடயாது."

"இத நேத்தே சொல்லக்கூடாதாப்பா?"

"நீங்க கேக்கலியே."

தோணி சுவராகக் கூடவே வந்தது. உடம்பு இடதுபுறம் வளையும்போதெல்லாம் பலகை தோளில் இடித்தது. உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே நிமிர்ந்தாள். பாதி வழிக்கு மேல் இடிப்பது குறைந்து, பிறகு நின்றே போனது. முழங்காலில் மணல் தட்டியதும் எழுந்து திரும்பிப் பார்த்தாள். கரை எங்கோ கோடாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் நீந்தியும் கிணற்றுப் படியைத் தவிர வேறெங்கும் தான் போய்ச் சேர்ந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அவள் தண்ணீரை அடித்துவந்த சத்தத்தில் பூநாரைகள் ஒன்றுவிடாமல் பறந்துபோயிருந்தன. தோணியில் வந்த பாப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். டீச்சருக்கும் கோபம்தான். ஆனாலும் நனைந்து நின்றவளைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"சரி, உனக்கு நீச்சல் தெரியும். ஒத்துக்கறேன். வா, ஏறிக்கோ."

"வேணாங்க டீச்சர்," என்றாள் சம்பங்கி. "நீங்கல்லாம் முன்னாடி போயிருங்க. நான் பின்னாலயே நீந்தி வர்றேன்."