கயிற்றுக்கு வெளியே நின்ற மாலை

எனக்கு ரேடியோவில் வேலை கிடைக்கவில்லை. கிடைக்கவிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் திண்டிவனத்தில் ஒரு பொதுக்கூட்டம் நடந்தது.

அப்போது நான் விழுப்புரம் லோகோ ஷெட்டில் கரி அள்ளிக்கொண்டிருந்தேன். ரயில்வே மைதானத்தில் கால்பந்துப் போட்டி என்றால் சுற்றிலும் கீற்றுத் தட்டி கட்டி டிக்கெட் போடுவார்கள். டிக்கெட் வாங்காதவர்கள் தட்டியில் ஓட்டை போட்டுப் பார்ப்பார்கள். ஓட்டைகள் பெருகி ஒருநாள் தட்டியே விழுந்துவிட்டது. அடுத்த போட்டிக்குக் கமிட்டியார் மைக் செட் வாடகைக்கு எடுத்து, உள்ளே நடப்பதை வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல ஒரு ஆளைத் தேடினார்கள். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் சத்தம் போட்டுப் பாடம் ஒப்பித்து வளர்ந்த தொண்டை என்னுடையது. பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்திவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான்: கண்ணில் படுவதைப் பட்டவுடன் சொல்லிவிடுவது. கோல் கீப்பர் மூக்கைச் சிந்தினால் அதையும் சொல்வேன். ஒருமுறை ரெஃப்ரி முதுகைச் சொறிந்துகொண்டதை விவரித்துக்கொண்டிருந்ததில் ஒரு கோல் விட்டுப்போனது. ஆனாலும் அதன்பிறகு தட்டி விழவில்லை. கமிட்டியாருக்கு அது போதுமானதாக இருந்தது.

யுத்தம் முடிந்து எலக்‌ஷன் வந்தது. திண்டிவனத்தில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, மண்டி வைத்திருந்த ஒருவர் என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார். கட்சியில் அவர் பெரிய கை. தலைவர்கள் நேரத்துக்கு வருவதில்லை, அதற்குள் சனம் கலைந்துபோகிறது, அதனால் பந்தாட்டத்துக்குச் சொல்வதுபோல எதையாவது சொல்லிக்கொண்டிரு என்றார். தலைவருடைய கார் விக்கிரவாண்டியைத் தாண்டிவிட்டது என்று அடிக்கடி சொல்லச் சொல்வார். என் கண்ணில் படாமல் நான் சொன்னது அந்தக் கார் ஒன்றைத்தான்.

சில கூட்டங்கள் கலையாமல் நின்றதில் மண்டிக்காரருக்கு என்மேல் பிரியம் வந்தது. மெட்ராஸ் ரேடியோ ஸ்டேஷனில் அவருக்கு வேண்டியவர் ஒருவர் இருந்தார். "இந்தக் கூட்டம் நல்லபடியா முடியட்டும். உன்ன நானே இட்டுக்கினு போய் விட்டுட்டு வர்றேன்" என்றார். அந்த வாரம் கரி கனக்கவில்லை. ஓமந்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் களை பறித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் தெரு முழுக்கச் சொன்னாள். எங்கள் தெருவில் ரேடியோப் பெட்டி கிடையாது. ஆனாலும் எல்லோரும் தவறாமல் கேட்பதாக வாக்குக் கொடுத்தார்கள்.

கூட்டங்களில் ஒரு ஏற்பாடு உண்டு. பந்தலுக்குள் ஊர்க்காரர்கள் உட்காருவார்கள். வடக்கே ஒரு கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்கு வெளியே, வெயிலில், எங்கள் தெருக்காரர்கள். உள்ளே வராதே என்று யாரும் சொல்லமாட்டார்கள், கயிறுதான் சொல்லும். எங்கள் ஆட்கள் மாலை கொண்டுவந்தால் ஒரு தொண்டர் கயிற்றண்டை வாங்கிப்போய் மேடை ஓரத்தில் வைத்துவிடுவார். அது தலைவர் கழுத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை. என் பெஞ்சும் பந்தல் காலுக்கு இந்தப் பக்கம்தான். குரல் மட்டும் உள்ளே போகலாம்.

அன்று தலைவர் பேசவிருந்தது தீண்டாமை ஒழிப்பைப் பற்றி.

கார் நிஜமாகவே வந்தது. மாலைகள் தொடங்கின. மில் முதலாளி போடுகிறார், தலைவர் கழற்றி மேசையில் வைக்கிறார், வக்கீல் போடுகிறார், தலைவர் தும்முகிறார் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மேடையில் மாலைகள் தீர்ந்தன. என் கண் வடக்கே போனது. வாய் அதன் பின்னாலேயே போனது.

"வடக்குப் பக்கம் கயித்துக்கு வெளியில ஒரு அம்மா சாமந்தி மாலையோட நிக்கறாங்க. ரொம்ப நேரமா நிக்கறாங்க. வாங்கறதுக்கு யாரும் போகல."

என் அம்மாதான். தொண்டர் சோடா குடிக்கப் போயிருந்தார். மண்டிக்காரர் என்னைப் பார்த்துக் கையை வீசினார். பழக்கதோஷத்தில், மண்டிக்காரர் கையை வீசுகிறார் என்று அதையும் மைக்கில் சொன்னேன்.

பந்தல் மொத்தமும் வடக்கே திரும்பியது. தலைவருக்கு வேறு வழியில்லை, எழுந்தார். படி இறங்குவதைச் சொன்னேன். கயிற்றண்டை வந்து நின்றதைச் சொன்னேன். மாலையை வாங்கக் கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. கழுத்துக்கென்று கட்டி எடுத்துவந்த மாலையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் தொண்டர் ஓடிவந்து வாங்கியிருப்பார். எனக்கு ரேடியோ வேலையும் கிடைத்திருக்கும். அது அப்போதே எனக்குத் தெரிந்தது. பயமாகவும் இருந்தது.

"தலைவர் இன்னும் குனியல" என்றேன்.

மைக் அதைக் கடைத்தெருவரைக்கும் கொண்டுபோனது. தலைவர் குனிந்தார். மாலை கழுத்தில் விழுந்தது. அதை மட்டும் நான் மைக்கில் சொல்லவில்லை.

தலைவர் அந்த மாலையோடேயே ஒரு நீண்ட சொற்பொழிவு ஆற்றினார். மறுநாள் பத்திரிகைகள் அவருடைய பெருந்தன்மையைப் புகழ்ந்தன. மண்டிக்காரர் கூட்டம் முடிந்ததும் வந்து, இனிமேல் இந்தப் பக்கம் தலை காட்டாதே என்றார். ரேடியோவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊருக்கு நடக்கும்போது அம்மாவிடம் வேலை போய்விட்டதைச் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது. வெகுதூரம் போனபிறகு அவள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"போடும்போது என் கை அவரு கழுத்துல பட்டுச்சிடா. அவரு தொடச்சிக்கல."