பிரேக் மாத்தணுமா, வேணாமா?

கார் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசர் வேலை என்பது, ஆபரேஷன் தியேட்டருக்குள் டாக்டர் சொன்னதை வெளியே வந்து சொந்தக்காரர்களிடம் சொல்கிற வேலை மாதிரி. என்ன, இங்கே சொந்தக்காரர்கள் டாக்டரைத் துளிகூட நம்ப மாட்டார்கள்.

நான் குடியிருப்பது திண்டிவனத்தில். தினமும் பஸ் பிடித்து, விழுப்புரம் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து போகிறேன். கஸ்டமர் வண்டியை விட்டுவிட்டுப் போவார். மெக்கானிக் அடியில் படுத்தும் மேலே குனிந்தும் பார்த்துவிட்டு, என்னென்ன மாற்ற வேண்டும் என்று என்னிடம் சொல்வார். நான் கஸ்டமருக்கு ஃபோன் போட்டு, இது அவசியம், இதை அடுத்த சர்வீசுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். உங்களிடமும் ஒரு கார் இருந்து, "சார், கொஞ்சம் வேலை இருக்கு சார்" என்று ஒரு பெண் குரல் ஃபோனில் இழுத்ததைக் கேட்டு நீங்கள் பர்சைத் தொட்டுப் பார்த்திருந்தால், அந்தக் குரல் என்னுடையதாகக்கூட இருந்திருக்கலாம்.

வைப்பர் மாற்ற வந்தவர்

எங்கள் ஹெட் மெக்கானிக் சகாயம் அண்ணன். கையும் சுத்தம், மனசும் சுத்தம். பொய் சொல்லி ஒரு போல்ட்கூட மாற்ற மாட்டார். ஒரே ஒரு வியாதிதான். எந்த வண்டியைப் பார்த்தாலும் அதை மொத்தமாகப் பிரித்துப் புதிதாகப் பூட்டிவிட வேண்டும் என்று அவருக்குக் கை அரிக்கும். "ஓடும், ஆனா..." என்று ஆரம்பிப்பார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் கிளட்ச், ரேடியேட்டர், சைலன்சர், கதவுக் கைப்பிடி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், அண்ணன் போகிற சர்ச்சின் ஃபாதர் வைப்பர் பிளேடு மாற்ற வந்தார். மழைக்காலம், முன் கண்ணாடி தெரியவில்லை, அவ்வளவுதான் அவர் குறை. அண்ணன் பயபக்தியோடு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போனார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்த பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதியதில் என் விரல் வலித்தது. இன்ஜினை இறக்கிப் பார்ப்பது நல்லது என்று முடித்தார். நான் அதை ஃபாதரிடம் வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பாவசங்கீர்த்தனத்துல கூட ஒரே ஆளு மேல இவ்ளோ குத்தம் கேட்டதில்ல சகாயம். நீ வைப்பர மட்டும் மாத்து, மிச்சத்த ஆண்டவரு பாத்துப்பாரு."

துபாய் மச்சான்

கண்டாச்சிபுரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரம் செய்கிறவர் ஒருவர் உண்டு. நல்ல மனுஷன், ஆனால் எதையும் தானாக முடிவு செய்ய மாட்டார். துபாயில் ஏதோ கம்பெனியில் இருக்கும் மச்சானைக் கேட்க வேண்டும். மச்சான் அங்கே என்ன வேலை செய்கிறார் என்று நான் விசாரித்தேன். ஏ.சி. ரூமில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றார்.

இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொன்னேன். உடனே வீடியோ கால். மச்சான் தெரிந்தார். "சத்தத்தக் கேக்கணும், ஃபோன கிட்ட புடி" என்றார். இவர் பானெட்டைத் திறந்து ஃபோனை உள்ளே நீட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு விளக்குப் பிடிப்பவர் போல நின்றார். மச்சான் கண்ணை மூடிக் கேட்டார். "அருமையான சத்தம். ஒண்ணும் மாத்தாத" என்று தீர்ப்பு வந்தது. நான் தயங்கித் தயங்கி, "சார், வண்டிய இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல. அது எங்க ஏர் கம்ப்ரசர் சத்தம்" என்றேன். அவர் ஃபோனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மச்சானை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"மச்சான் சொன்னா சொன்னதுதாம்மா. உங்க கம்ப்ரசரு நல்லாருக்குது, நீங்களும் அத மாத்தாதீங்க."

பள்ளம் போதும்

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோதுதான் மண்டகப்பட்டு ஏழுமலை வந்தார். சொந்த நிலத்தில் கரும்பும் கேப்பையும் போடுகிறவர். வாய் நிறைய வெற்றிலை, பெரிய பழைய வண்டி. பின் கண்ணாடியில் 'யாழினி, இனியா' என்று பேத்திகள் பெயரை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார். வருகிற பௌர்ணமிக்குக் குடும்பத்தோடு திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகணும், வண்டியை ஒரு பார்வை பார்த்துக் கொடுங்கள் என்றார்.

சகாயம் அண்ணன் அடியில் போய்விட்டு வந்தார். நான் எழுதத் தயாராக உட்கார்ந்திருந்தேன். இந்த முறை அவர் "ஓடும், ஆனா" என்று ஆரம்பிக்கவில்லை. "ஓடும். நிக்காது" என்றார். முன் சக்கரத்து பிரேக் பேட் தேய்ந்து தகடாகிவிட்டதாம். எனக்குத் திக்கென்றது. அதோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். பழக்க தோஷம், மூச்சு விடாமல் இன்னும் ஒரு பாட்டம் பாகங்களைச் சொல்லிக்கொண்டே போனார்.

ஏழுமலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் புது சீட் கவருக்கு மட்டும் சரி என்றார். மெரூன் கலர், தங்க நிறத்தில் தையல் போட்டது. சரி, பிரேக்காவது மாற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார்.

"எங்க ஊரு ரோட்டுல பள்ளமே வண்டிய நிறுத்திடுதும்மா. அதுக்கு மேல தனியா பிரேக்கு இன்னாத்துக்கு?"

இரண்டு ஊருக்கு நடுவில்

சீட் கவர் தைத்து வர நாளாகும் என்பதால் வண்டி எங்களிடமே நின்றது. அதற்குள் அவரைச் சம்மதிக்க வைத்தாக வேண்டும். விட்டால் அந்த மனுஷன் மெரூன் சீட்டில் பேத்திகளை உட்கார வைத்துக்கொண்டு, நிற்காத வண்டியில் கிளம்பிவிடுவார். எதற்கும் திண்டிவனத்தில் வேறொரு மெக்கானிக்கையும் கேட்டுப் பார்க்கட்டுமா என்றார். ஐயோ வேண்டாம் என்று அலறினேன். காரணம், எங்கள் ஊர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்.

அவர் முன்பொரு முறை காரை எங்களிடம் விட்டபோது, டயர் மாற்றணும் என்றார் சகாயம் அண்ணன். ஹெட்மாஸ்டருக்குச் சந்தேகம். நேராகத் திண்டிவனத்து மெக்கானிக்கிடம் போனார். டயர் பிரமாதமாக இருக்கிறது, ஷாக் அப்சர்வர்தான் போச்சு என்றார் அந்த மெக்கானிக். ஹெட்மாஸ்டர் திரும்ப இங்கே வந்தார். ஷாக் அப்சர்வர் கல்லு மாதிரி இருக்கு, டயர்தான் என்றார் அண்ணன். ஹெட்மாஸ்டர் விடைத்தாள் திருத்திய கை, இரண்டு பேரில் யாருக்கு மார்க் போடுவது என்று தெரியாமல் விடாது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்குமாக ஓட்டிக்கொண்டே இருந்தார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் இருப்பவர்கள் அவரைப் பார்த்தால் சொந்தக்காரரைப் போல நலம் விசாரிக்கிற அளவுக்கு ஆனது. கடைசியில் ஒரு நாள் டயர் மொட்டையாகி, ஷாக் அப்சர்வரில் ஆயில் ஒழுக, வண்டி தள்ளாடிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றது. மனுஷன் முகத்தில் மட்டும் அப்படி ஒரு நிம்மதி.

"இப்ப ரெண்டு பேரு சொன்னதும் கரெக்ட் ஆயிடுச்சு. இனிமே யாரையும் தப்பு சொல்ல முடியாது பாரு."

சோப்புக் கணக்கு

கண்ணால் பார்த்தால் நம்புவார் என்று, ஏழுமலையை வரவழைத்து வண்டியை ஜாக்கியில் ஏற்றி, தேய்ந்த பிரேக் பேடைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைக்கும்படி சகாயம் அண்ணனிடம் சொன்னேன். பக்கத்திலேயே புதுசு ஒன்றையும் வைத்தோம். குருடனுக்குக்கூட வித்தியாசம் தெரியும். அவர் இரண்டையும் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், புதுசை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கூட அவர் சம்சாரம் அஞ்சலையும் வந்திருந்தார். அந்த அம்மா பழைய பேடையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்க, ஏழுமலை சொன்னார்:

"இன்னும் இவ்ளோ இருக்குதேம்மா. சோப்பு இவ்ளோ இருந்தா எங்க வூட்ல எல்லாரும் குளிச்சி முடிச்சி மாட்டையும் கழுவிடுவோம்."

ஒன்றே ஒன்று

அன்றைக்கு எனக்குக் கோபம் முழுக்க சகாயம் அண்ணன் மேல்தான் வந்தது. எல்லாமே அவசியம் என்று சொல்லிச் சொல்லித்தானே, நிஜமாகவே அவசியமானதையும் ஜனங்கள் நம்பாமல் போனார்கள்! "அண்ணே, மத்த எல்லாத்தையும் விட்டுடுங்க. பிரேக்கு ஒண்ணு மட்டும்தான், வேற எதுவும் வேணாம்னு உங்க வாயால சொல்லுங்க" என்று ஏழுமலைக்கு ஃபோன் போட்டு அண்ணன் கையில் திணித்தேன். அண்ணன் நெளிந்தார். ஒரு வண்டியில் ஒரே ஒரு குறை சொல்வது அவருக்கு, இலை போட்டு உப்பை மட்டும் வைத்து எழுப்பிவிடுவது போலக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் எனக்காகச் சொன்னார்.

மறுபக்கம் ஏழுமலை, "அன்னிக்கு அத்தினி சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணுதாங்கிறீங்க. அப்ப மீதியெல்லாம் தானா சரியாயிடுச்சா? இதுவும் ஆயிடும், உடுங்க" என்று வைத்துவிட்டார். அண்ணன் ஃபோனை என்னிடம் திருப்பித் தந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"அதான் தங்கச்சி நான் எப்பவும் முழுசா சொல்றது. ஒண்ணே ஒண்ணு சொன்னா, இவனுக்கு வேலை தெரியலன்னு நெனச்சிக்கிறாங்க."

மஞ்சள் பையில் போன பேட்

சீட் கவர் வந்துவிட்டது. பௌர்ணமியும் நெருங்கிவிட்டது. ஏழுமலை வண்டியை எடுக்க வந்தார். நான் வழக்கமான பல்லவியை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "இதப் பாரும்மா, உனக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு. ஆத்தாகிட்டயே பூ கட்டிப் போட்டுக் கேட்டுடறேன். செவப்பு வந்தா மாத்தறேன், வெள்ள வந்தா பேச்சே கிடையாது. ஜல்தியா பிரேக்க மாட்டிக் குடு, வண்டிய எடுத்துக்கினு போய்ட்டு வந்துடறேன்" என்றார். பிரேக் மாற்றணுமா என்று கேட்க, பிரேக் பிடிக்காத வண்டியில் போகிறேன் என்கிறார்! பஸ்ஸில் போங்களேன் என்றேன். வண்டியைக் காட்டாமல் கேட்டால் அது எந்த வண்டி என்று ஆத்தாளுக்கு எப்படித் தெரியும் என்று மடக்கினார்.

மேஜை மேல் கிடந்த பழைய பிரேக் பேட்தான் என்னைக் காப்பாற்றியது. "கேக்கறது இதப் பத்திதானே? இதையே கொண்டுபோய் ஆத்தா முன்னாடி வைங்க" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். நியாயமாகப் பட்டது போலிருக்கிறது. பேடை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வண்டி ஜாக்கி மேலேயே நின்றது. வெள்ளைப் பூ வந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்து, எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவரே வந்து நடந்ததைச் சொன்னார். தேங்காய், பழத்தட்டில் பேடை வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு நீட்டியிருக்கிறார். இதென்ன இரும்புக் கட்டி என்று பூசாரி பதறியிருக்கிறார். அஞ்சலை கட்டி வைத்த இரண்டு பொட்டலத்தையும் சன்னதியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்திருக்கிறார். பிரித்தால் செவ்வரளி. சகாயம் அண்ணன் விவரம் தெரியாமல், அப்படியே கிளட்சையும் பார்த்துவிடலாமா என்று மெல்ல ஆரம்பித்தார். ஏழுமலை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா பிரேக்கு மட்டுந்தான் சொல்லிக்கீறா. அதுக்கு மேல ஒரு நட்டு தொட்டாலும் சாமி குத்தம்."

முன் சீட்

பௌர்ணமிக்கு முன்பே புது பேட் மாட்டியாகிவிட்டது. பழைய பேட் குங்குமப் பொட்டோடு டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டது. ஏழுமலை சகாயம் அண்ணனை உட்கார வைத்துக்கொண்டு ட்ரையல் பார்க்கக் கிளம்பினார். பின் கண்ணாடி ஸ்டிக்கரில் யாழினியும் இனியாவும் கேட்டைத் தாண்டிப் போய் ரோட்டு ஓரத்தில் கச்சிதமாக நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மன்தான் காப்பாற்றினாள் என்று பக்கத்தில் நின்ற அஞ்சலையிடம் சொன்னேன். அந்த அம்மா ரோட்டை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

"ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதாம்மா கட்டினேன். முன் சீட்ல குந்திக்கினு வர்றவ நானு. அவரு அமுக்கறதுக்கு முன்னாடி என் காலு தரையப் போட்டு அமுக்குது, எனக்குத் தெரியாதா? ஆத்தாளும் பாத்துக்கினுதான் இருந்தா, ஒண்ணும் சொல்லல."

அன்றிலிருந்து, இந்த ரிப்பேர் அவசியமா இல்லையா என்று எந்தக் கஸ்டமர் என்னைக் கேட்டாலும், முன் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவரிடம் ஃபோனைக் கொடுங்கள் என்று மட்டும்தான் சொல்கிறேன்.