சவுக்கையில் மறித்தார்கள்

எந்த நாட்டில் போய் இறங்கினாலும், அந்த ஊர்ப் பேச்சில் சோற்றுக்கு என்ன சொல்வார்கள், சாவுக்கு என்ன சொல்வார்கள் என்று இரண்டை மட்டும் முதலில் கேட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம். கண்டியிலும் பினாங்கிலும் துரைமார் வீடுகளில் ஆயாவாக இருந்தபோது இதற்காக என்னைக் கேலி செய்தவர்கள் உண்டு. சோறு சரி, சாவு எதற்கு என்பார்கள். குமுளி வழியாக நான் முதன்முதலில் மலையாளத்துக்குள் நுழைந்த கதை அவர்களுக்குத் தெரியாது.

அந்த வருஷம் கம்பத்தைச் சுற்றி எங்கள் பக்கத்தில் மழை இல்லை. சோளம் முழங்கால் உயரத்தில் கருகி நின்றது. மேலே, மலையாள ராஜாவின் சீமையில், ஆனைக்கரைப் பக்கம் ஏலக்காட்டில் வேலை இருக்கிறது என்று ஒரு கங்காணி வந்து ஆள் சேர்த்தார். அப்பா பெயர் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு இஷ்டமே இல்லை. காய் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பிவிட வேண்டும் என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சட்டிபானையைக் கட்டினாள். எனக்கு எட்டு வயது இருக்கும். தம்பி இன்னும் இடுப்பை விட்டு இறங்காதவன்.

புறப்படுவதற்கு முன்னால் சித்தப்பா வந்து எங்களை உட்காரவைத்துப் புத்தி சொன்னார். அவர் ஒரே ஒரு பருவம் மேலே இருந்துவிட்டுக் குளிர்காய்ச்சலோடு திரும்பியவர். அந்தக் காய்ச்சல் அவருக்கு ஊரில் பெரிய மரியாதையைக் கொடுத்திருந்தது. கொதிக்காத தண்ணீரைத் தொடக் கூடாது என்றார். தண்ணீர் வேண்டுமானால் வெள்ளம் என்று கேட்க வேண்டும் என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"பட்டிக்காரன்னு மட்டும் வாய் தவறியும் சொல்லிராதீக. அங்க பட்டின்னா நாயி."

"நம்ம ஊரு பேரே பட்டியிலதான முடியுது கொழுந்தனாரே," என்றாள் அம்மா. "எந்த ஊருன்னு கேட்டா என்ன செய்ய, குலைக்கவா?"

சித்தப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மேலே போனார். வழக்கம் தெரியாத இடத்தில் அவர்கள் என்ன செய்கிறார்களோ அதையே பார்த்துச் செய்துவிடுங்கள் என்றார். அட்டைக்குப் புகையிலை கொண்டுபோங்கள், தண்ணீரில் ஊறவைத்துக் காலில் பூசினால் கிட்டே வராது என்றார். எல்லாம் நல்ல யோசனைகள்தாம். எவ்வளவு புகையிலை என்பதில் மட்டும் கொஞ்சம் தாராளமாகப் பேசிவிட்டார். அப்பா ஒரு முழுச் சிப்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறினார்.

குமுளியில் சவுக்கை இருந்தது. அடுத்த சீமைக்குள் போகும் சரக்குகளை நிறுத்திச் சுங்கம் பார்க்கும் காவல் கொட்டகைக்கு அப்படிப் பெயர். ராஜாவின் நாட்டில் புகையிலைக்குத் தீர்வை உண்டு என்பது சித்தப்பாவின் காய்ச்சலுக்குத் தெரிந்திருக்கவில்லை. காவல்காரர் ஒருவர் அப்பாவின் நெஞ்சுக்குக் குறுக்கே தடியை நீட்டினார். சிப்பத்தை அவிழ்த்துப் பார்த்ததும் இன்னொருவரைக் கூப்பிட்டார். அட்டைக்கு என்று அப்பா சொன்னார். இத்தனை புகையிலைக்கு எத்தனை அட்டை என்று அவர்கள் கேட்டது அப்பாவுக்குப் புரியவில்லை.

கங்காணி எங்களுக்காக நிற்கவில்லை. மற்றவர்களை ஓட்டிக்கொண்டு மூடுபனிக்குள் போய்விட்டார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"பிள்ளைகள நனைய விடாத. நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாரேன்," என்றார் அப்பா.

நாங்கள் நடந்தோம். கங்காணியின் ஆட்கள் யாரும் கண்ணில் படவில்லை. மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் மழை என்றால் மேலிருந்து விழும். அங்கே அது நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. வழியோரத்தில் ஒரு புல் வேய்ந்த வீடு தெரிந்ததும் அம்மா அதன் வாசல் இறவாரத்தில் ஒதுங்கித் தம்பியைத் துவட்டத் தொடங்கினாள். உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வெளியே வந்தார். வெள்ளை முண்டும் சட்டையும், காதில் பெரிய வளையமும். மலையாளத்துக் கிறிஸ்தவ வீடு. எங்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அப்பன் எவிடெ மோளே?"

அப்பனைக் கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. கூட்டத்தில் முதலில் விளங்கியவள் நான்தான் என்ற பெருமையில் உடனே பதில் சொன்னேன்.

"அப்பாவச் சவுக்கையில மறிச்சுட்டாக."

"மரிச்சோ? எப்போ?"

"இப்பத்தான். மழைக்கு முந்தி."

"ஈசோயே. நிங்ஙள் கண்டோ?"

"எல்லாரும் கண்ணால பாத்தோம். நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாரேன்னு சொன்னாரு."

அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

அவர்கள் பேச்சில் மரிச்சு என்றால் இறந்துபோனார் என்று பொருள். எங்கள் பேச்சில் மறிச்சு என்றால் தடுத்து நிறுத்தி. எழுதினால் ஓர் எழுத்து வித்தியாசம் தெரியும். மழையில் பல் கிட்டி நடுங்கும் எட்டு வயதுப் பெண்ணின் வாயில் அது தெரியாது. அந்த எழுத்தை நான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அதற்கு மேல்தான் படிக்கவில்லை.

அழுகையைக் கேட்டு வீட்டுக்காரர் வந்தார். மனைவி சொன்னதைக் கேட்டார். எங்களைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வேலையாள் இருவரைக் கூப்பிட்டு, ஒரு நீள மூங்கிலையும் சுருட்டிய பாயையும் எடுத்துக்கொண்டு, அந்த மழையிலேயே சவுக்கைப் பக்கம் புறப்பட்டுப் போனார். எதற்கென்று எங்களுக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு மனசுக்குள் ஏதோ ஆகிவிட்டது. தடுத்து நிறுத்தியதற்கா ஓர் அம்மாள் இப்படி அழுவார்? இந்தச் சீமையில் சவுக்கையில் மறிப்பது என்றால் என்ன செய்வார்களோ?

"ஏக்கா, மறிச்சவகள எப்ப விடுவாக?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மரிச்சவரு இனி வரத்தில்லல்லோ மோளே. கர்த்தாவு கொண்டுபோயில்லே."

கர்த்தாவு என்பது அவர்கள் சாமி. அம்மா அதைச் சவுக்கை அதிகாரியின் பெயர் என்று எடுத்துக்கொண்டாள். அந்தக் கர்த்தாவு அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார், இனி விடமாட்டார். அவள் தம்பியை மடியில் போட்டபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணீர் தானாக வந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்களும் ஒருவர் அழுவதைப் பார்த்து ஒருவர் அழுதார்கள்.

எனக்கு ஒரு வாழை இலையில் கப்பக்கிழங்கு வந்தது. எங்கள் பக்கத்து மரவள்ளிதான். ஆனால் தேங்காயும் மிளகாயும் சேர்த்து மசித்து, சூடாக. கூட ஒரு மீன் துண்டு. அந்த அம்மாள் என் தலையைத் தடவிக்கொண்டே ஊட்டினார். அப்பாவைச் சவுக்கையில் நிறுத்தினால் இப்படியெல்லாம் கிடைக்கும் என்று யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

விளக்கு வைக்கிற நேரமானது. அவர்கள் வீட்டுச் சிலுவைக்கு முன்னால் அந்த அம்மாளும் பிள்ளைகளும் மண்டியிட்டார்கள். எங்களையும் பக்கத்தில் இருத்திக்கொண்டார்கள். அம்மா எந்தச் சாமியானாலும் சரி என்ற நிலையில் இருந்தாள். கர்த்தாவு, கர்த்தாவு என்று பாட்டில் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் கைகளை இன்னும் உயரத் தூக்கிக் கும்பிட்டாள். அந்த அதிகாரி எப்படியாவது மனமிரங்கட்டும் என்று.

எங்களுக்குப் பின்னால் வாசலில் யாரோ மண்டியிடும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா. வழியிலிருந்தே விளக்கு வெளிச்சத்தில் எங்களைக் கண்டிருக்கிறார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. காலில் அட்டை கடித்த இடங்களிலெல்லாம் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர்கள் செய்வதையே செய்யுங்கள் என்று சித்தப்பா சொல்லியிருந்தாரே. கண்ணை மூடிக் கைகூப்பி, மிகுந்த பக்தியோடு, தம் ஆத்துமாவுக்கான ஜெபத்தில் அவரும் சேர்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, அப்பா வந்துருச்சு," என்றேன்.

பாட்டு நின்றது. அந்த அம்மாள் ரத்தக் காலைப் பார்த்துப் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டு சுவரோரம் போனார். அம்மா எழுந்து அப்பாவிடம் போனாள். தோளைத் தொட்டாள், முகத்தைத் தொட்டாள். பிறகு முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"கர்த்தாவு விட்டுட்டாரா?"

"யாரு அது? புகையிலைய எடுத்துக்கிட்டு, போன்னு சொல்லிட்டாக." அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாவம், இந்த ஊர்ல யாரோ செத்துட்டாக போல. மூங்கிலும் பாயுமா மூணு பேரு வந்தாக. வழிய விட்டு ஒதுங்கிக் கும்புட்டு நின்னேன்."

சற்று நேரத்தில் வீட்டுக்காரர் வெறும் பாயும் மூங்கிலுமாகத் திரும்பி வந்தார். சவுக்கையில் அவரை முழித்துப் பார்த்திருக்கிறார்கள். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும், கம்பத்துச் சந்தைக்குப் போகிறவர். அவர்தான் சொல்லைப் பிரித்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று காட்டினார். அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"செத்தவனே, கஞ்சி குடிச்சோ?"

"இல்லீங்க."

"எடி, செத்தவனுக்குக் கஞ்சி கொடு."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவைத் தவிர. அவள் அப்பாவைச் சுமந்து வரவென்று கொண்டுபோய் இப்போது மூலையில் சாய்த்து வைத்திருந்த மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் அப்பா அவசரப்படுத்தினார். கங்காணியைப் பிடிக்காவிட்டால் வேலை போய்விடும். அம்மா நகரவில்லை. இவர்களுக்கும் ஆனைக்கரைப் பக்கம் ஏலக்காடு இருக்கிறதாம், அதிலேயே வேலை கேளு என்றாள். கேட்டார். கொடுத்தார்கள். காய் பறித்து முடிந்தது. சத்தியத்தைப் பற்றி அம்மா பேச்சே எடுக்கவில்லை. நாங்கள் அந்த மலையில் பதினோரு வருஷம் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே கடைசி வரையில் செத்தவன் என்றுதான் பெயர்.

அப்பா வேலை கேட்ட அன்று காலை அம்மா அந்தப் பாயை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அதில் மழைத் தண்ணீரைத் தவிர அழுக்கே இல்லை. அவள் கல்லில் விரித்து, தேங்காய் நாரால் ஓரம் ஓரமாகத் தேய்த்து, அலசி, மறுபடியும் தேய்த்தாள்.

"கிழங்கு நல்லா இருந்துச்சுல்லம்மா, அதுக்குத்தான இங்கயே இருப்போம்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"ஆமா," என்றாள், தேய்ப்பதை நிறுத்தாமல். "கிழங்குக்குத்தான்."

நான் அதை நம்பினேன். சுத்தமாக இருக்கிற பாயை ஏன் இவ்வளவு நேரம் கழுவுகிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.